தொட்டிச் செம்பருத்தியும் வெள்ளை ஈயும்



மும்பையில் செடி வளர்க்கும் தமிழர்கள் என்னிடம் மிகுதியாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "செம்பருத்தி இலையெல்லாம் சுருண்டுக்கிட்டுப் போகுது, மொட்டு வைக்க மாட்டேங்குது, என்ன மருந்து அடிக்கலாம்?" இன்றைய பேச்சு முழுவதும் இந்தக் கேள்விக்கான பதில்தான். ஆனால் பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுருண்ட இலையைத் திருப்பிப் பாருங்கள். நுனிக்குருத்தில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போல இருந்தால் அது மாவுப்பூச்சி. அந்தக் கிளையை வெட்டி எறிந்தால் செடி பிழைத்துக்கொள்ளும். பஞ்சு எதுவும் இல்லாமல், இலையின் அடிப்பக்க நரம்புகள் பச்சையாகத் தடித்துப் புடைத்து, இலை கிண்ணம் போல மேல்நோக்கிக் குவிந்திருந்தால் அது பெரும்பாலும் வைரஸ். செடிக்குள் வைரஸ் புகுந்தபின் அதை வெளியேற்றும் மருந்து எந்தக் கடையிலும் இல்லை. அடிக்கக்கூடியது, தடுக்கக்கூடியது, அந்த வைரஸைக் கொண்டுவந்து சேர்த்த பூச்சியை மட்டும்தான். அதிலும் எந்தப் பூச்சி என்று தெரியாமல் அடித்தால் காசும் போகும், செடியும் போகும்.

பூச்சி நோயைச் சுமக்கும் என்ற உண்மை இந்த ஊருக்குப் புதிதல்ல. நாம் உட்கார்ந்திருக்கும் இந்த மாதுங்காவே அப்படிப் பூச்சி சுமந்த ஒரு நோயின் விளைவாகப் பிறந்த பேட்டை. 1896இல் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் பிளேக் தொடங்கியது. நெரிசலைக் குறைத்து நகரத்தை விரித்தாக வேண்டும் என்று 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளையை அரசு அமைத்தது. அது வகுத்த திட்டத்தில் எழுந்தவைதான் தாதர், மாதுங்காவின் அகலமான தெருக்களும் ஐந்து தோட்டங்களும். அதே 1898இல் கராச்சியில் சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், பிளேக்கை எலியிடமிருந்து கொண்டுசெல்வது தெள்ளுப்பூச்சி என்று சோதனை செய்து சொன்னார். யாரும் நம்பவில்லை. 1905இலிருந்து பம்பாயில் பிளேக் ஆணையத்தின் ஆய்வாளர்கள், பிளேக் வந்த வீடுகளில் கினிப் பன்றிகளைக் கூண்டில் வைத்துப் பார்த்தார்கள். தெள்ளுப்பூச்சி புகாத கூண்டில் இருந்தவை பிழைத்தன, புகக்கூடிய கூண்டில் இருந்தவை செத்தன. அதற்குப் பிறகுதான் உலகம் ஒப்புக்கொண்டது.

மனிதனுக்கே இவ்வளவு காலம் பிடித்தது என்றால் செடிக்கு எவ்வளவு பிடித்திருக்கும்? அந்த வரலாற்றிலும் பம்பாய்க்கு ஓர் இடம் உண்டு. நம்மவர்களில் பலருக்கு இது தெரியாது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1924இல் ஜி. எஸ். குல்கர்னி என்ற ஆய்வாளர் பம்பாய் மாகாணத்துப் பயிர்களில் காணும் தேமல் நோய்களைப் பற்றி எழுதினார். அதில் வெண்டைச் செடியின் நரம்புகள் மஞ்சளாகிப் போகும் நோயையும் குறிப்பிட்டார். வெண்டையின் மஞ்சள் நரம்புத் தேமல் பற்றிய முதல் பதிவு அதுதான். 1940இல் புனேயில் பி. என். உப்பல், பி. எம். வர்மா, எஸ். பி. கபூர் ஆகிய மூவர் இதற்குக் காரணம் வைரஸ் என்று காட்டினார்கள். பின்னர் கபூரும் வர்மாவும் இன்னொரு படி மேலே போனார்கள். நோயைச் சுமப்பது வெள்ளை ஈ. அது வெண்டையோடு நிற்பதில்லை, காட்டு வெண்டைக்கும் போகிறது, தோட்டத்தில் அழகுக்காக வைக்கும் ஹாலிஹாக் பூச்செடிக்கும் போகிறது. 1950இல் அச்சான அவர்களுடைய கட்டுரையில் இது இருக்கிறது. காய்கறிப் பாத்தியும் பூந்தோட்டமும் வைரஸுக்கு ஒரே வயல்தான் என்பதை நம் மண்ணில் அன்றே கண்டு சொல்லிவிட்டார்கள்.

கதை அங்கேயும் முடியவில்லை. மஞ்சள் நரம்பு வந்த செடியிலிருந்து வைரஸைப் பிரித்தெடுத்து, அதை மட்டும் நல்ல வெண்டைக்குள் செலுத்தினால் நோய் முழு உருவத்தில் வருவதில்லை. ஏன் என்பது வெகுகாலம் விளங்கவில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஜாய்ஸ் ஜோஸ், ஆர். உஷா இருவரும் 2003இல் விடை சொன்னார்கள். அந்த வைரஸோடு ஒட்டிக்கொண்டு, அதன் நீளத்தில் பாதியளவே உள்ள ஒரு துணை மரபிழை வருகிறது. தனியாக அதனால் பெருக முடியாது. ஆனால் அது சேர்ந்தால்தான் நரம்பு பளிச்சென்ற மஞ்சளாகிறது. பம்பாயில் 1924இல் எழுந்த கேள்விக்கு மதுரையில் 79 ஆண்டுகள் கழித்து முழுப் பதில் கிடைத்தது. இந்த இரண்டு ஊரையும் சொந்த ஊராகக் கொண்டவர்கள் இந்த அவையில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நம் பள்ளிப் பாடநூலில் ஒரு பக்கமாவது இதற்கு ஒதுக்கியிருக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

இந்த வகைத் துணை மரபிழை கொண்ட வைரஸ்தான், எழுத்தில் பதிவான மிகப் பழைய செடி வைரஸ் நோய்க்கும் காரணம். கி.பி. 752இல் ஜப்பானியப் பேரரசி ஒருவர், கோடையிலேயே மஞ்சளாகிப்போன ஒரு காட்டுப் பூச்செடியைப் பற்றிக் கவிதை எழுதினார். இலையுதிர் காலம் வந்துவிட்டதோ என்று அவர் எண்ணிய அந்த மஞ்சள், வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ் என்று 2003இல் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். பேரரசி கண்டதும் குல்கர்னி கண்டதும் ஒரே குடும்பத்து வைரஸ்கள்.

இனி அந்த வெள்ளை ஈயைப் பார்ப்போம். பெயரில்தான் ஈ. உண்மையில் அது அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் பங்காளி. ஒரு மில்லிமீட்டர் அளவுதான். செடியை அசைத்தால் வெண்பொடி பறப்பது போல எழும்பித் திரும்பவும் இலைக்கு அடியில் போய் உட்காரும். முட்டையிடுவது, குஞ்சு பொரிப்பது, வளர்வது எல்லாம் இலையின் அடிப்பக்கத்தில். மேலே மருந்து தெளித்துவிட்டு "அடிச்சாச்சு" என்று சொல்பவர்கள் அதன் வீட்டு வாசலைக்கூடத் தொடவில்லை.

அதன் வாய் மயிரிழையினும் மெல்லிய ஊசி. அதை இலைக்குள் செலுத்தி, உயிரணுக்களுக்கு நடுவே வழி கண்டுபிடித்து, சாறு ஓடும் குழாயைத் தொட்டு உறிஞ்சும். மஞ்சள் நரம்பு வைரஸும் செம்பருத்தியின் இலைச்சுருள் வைரஸும் அந்தச் சாற்றுக் குழாயில்தான் குடியிருக்கின்றன. ஈ நிதானமாக உட்கார்ந்து உறிஞ்சினால்தான் வைரஸ் அதற்குள் போகும். போனது வாயில் தங்காது. குடலைத் துளைத்து, இரத்தத்தில் கலந்து, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேரவேண்டும். அதற்குச் சில மணி நேரம் ஆகிறது. அந்தப் பயணத்தில் வைரஸ் அழியாமல் காப்பது, ஈயின் உடலுக்குள் வாழும் ஒரு பாக்டீரியா சுரக்கும் புரதம் என்று கண்டிருக்கிறார்கள். பயணம் முடிந்தபின் அந்த ஈ உட்காரும் செடிக்கெல்லாம் நோய் கொடுக்கும். சாகும்வரை கொடுக்கக்கூடும். ஒரு செடியை நோயாளியாக்க ஒரே ஓர் ஈ போதும்.

இதில் நமக்கு ஓர் ஆறுதலும் இருக்கிறது. இந்த வைரஸ் கத்தரியால் பரவாது, கையால் பரவாது, தொட்டி மண்ணில் தங்காது. ஈ கொண்டுவரவேண்டும், இல்லையென்றால் நோயுள்ள செடியிலிருந்து ஒட்டோ போத்தோ எடுத்து நாம் கொண்டுவரவேண்டும். இரண்டே வழி. இரண்டாவது வழியைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

ஏன் கவலை என்பதற்குச் சீனாவில் நடந்ததைச் சொல்கிறேன். 1980களின் கடைசியில் பாகிஸ்தானின் முல்தான் பகுதியில் பருத்தி இலைச்சுருள் நோய் பேரழிவாகக் கிளம்பியது. 1990களில் அது ராஜஸ்தான், பஞ்சாப் பருத்தி வயல்களுக்குள் வந்து நம் உழவர்களை நாசப்படுத்தியது. சீனாவில் அந்த வைரஸ் கிடையாது. 2006இல் குவாங்சோ நகரில் அதைக் கண்டுபிடித்தார்கள். பருத்தியில் அல்ல, வேலியோரம் வளர்ந்த செம்பருத்தியில்! பருத்தியும் வெண்டையும் செம்பருத்தியும் பூவரசும் ஒரே குலம் என்பதைப் பூவின் அமைப்பைப் பார்த்தாலே நீங்கள் சொல்லிவிடுவீர்கள். அங்கே முதலில் அழகுச்செடி நோயுற்றது. பிறகு அது வெண்டைக்குப் போயிற்று, பருத்திக்கும் போயிற்று. நம் நாட்டிலும் செம்பருத்தியின் இலைச்சுருளை ஆராய்ந்து, அது வெள்ளை ஈயால் பரவும் வைரஸ் என்று காட்டியிருக்கிறார்கள். ஆகவே, நான்காவது மாடி கிரில்லில் தொங்கும் செம்பருத்திக்கும் விதர்பாவில் கடன் வாங்கிப் பருத்தி போட்டவனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். வைரஸின் கணக்கில் சம்பந்தம் உண்டு.

தாராவியில் பெயின்ட் டப்பாவிலும் உடைந்த பிளாஸ்டிக் குடத்திலும் துளசியும் செம்பருத்தியும் கற்பூரவல்லியும் வைத்திருக்கும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைந்துபோகும். பத்தடிக்குப் பத்தடி அறையில் ஐந்து பேர் வாழும் இடத்தில், ஏணிப்படி ஓரத்தில் ஒரு செடிக்கு இடம் ஒதுக்குவது எளிதான காரியமல்ல. அந்தச் செடி எப்படி வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "அக்கா வீட்டுல ஒரு கொப்பு ஒடிச்சுக் கொடுத்தாங்க." பிள்ளையாருக்குச் சிவப்புச் செம்பருத்தி உகந்தது என்பதால் மராத்தியர் வீட்டிலும் ஜாஸ்வந்த் என்று அதே செடிதான், அதே மாதிரிதான் கைமாறுகிறது. இந்த அன்பில் ஒரு குறையும் இல்லை. கொடுக்கும் கொப்பு சுத்தமானதா என்று பார்க்கும் வழக்கம்தான் நம்மிடம் இல்லை.

வெள்ளை ஈயிலிருந்து அசுவினிக்கு வருகிறேன். இதன் வேலைமுறை வேறு. பூச்சியைக் கொன்று நோயைத் தடுக்கும் உபாயம் இங்கே பயன்படாமல் போவது அதனால்தான்.

ஹாலந்தில் 17ஆம் நூற்றாண்டில் டூலிப் கிழங்குக்குப் பெருஞ்செல்வத்தைக் கொட்டிக் கொடுத்தார்கள், 1637 பிப்ரவரியில் அந்தச் சந்தை சரிந்து விழுந்தது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். எல்லா டூலிப்புக்கும் அந்த விலை இல்லை. வெள்ளை இதழில் சிவப்புத் தீநாக்குகள் படர்ந்தது போன்ற கோடுகள் கொண்ட பூக்களுக்குத்தான் உச்ச விலை. அந்தக் கோடு, நோயின் கோடு. இதழின் நிறத்தை வைரஸ் திட்டுத்திட்டாகத் தடுத்துவிடுகிறது, அடியில் இருக்கும் வெள்ளையோ மஞ்சளோ வெளியே தெரிகிறது. கோடு விழுந்த செடி ஆண்டுக்கு ஆண்டு நலிந்துபோவதை அந்தக் காலத்துத் தாவர அறிஞர் குளூசியஸ் கவனித்து எழுதியிருந்தும் யாரும் பொருட்படுத்தவில்லை. 1928இல் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் டோரதி கேலி என்ற பெண் ஆய்வாளர், கோடுள்ள கிழங்கின் சதைத் துண்டை நல்ல கிழங்கில் பொருத்தி வைத்துப் பார்த்தார். நல்லதிலும் கோடு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில், தோட்டத்தில் இதைப் பரப்புவது அசுவினி என்பது உறுதியானது. அன்று உச்ச விலைக்குப் போன செம்பர் அகஸ்டஸ் என்ற வகை இன்று உலகில் எங்கும் இல்லை.

அசுவினி இந்த வைரஸை உள்ளே விழுங்கிச் சுமப்பதில்லை. ஒரு செடியில் உட்கார்ந்ததும், இது நமக்கு ஏற்றதா என்று பார்க்க ஊசியை ஒருமுறை லேசாகக் குத்திப் பார்க்கும். அந்தச் சில நொடிகளில் வைரஸ் ஊசிமுனையில் ஒட்டிக்கொள்கிறது. பிடிக்கவில்லை என்றால் பறந்து அடுத்த செடியில் குத்திப் பார்க்கும். அங்கே வைரஸை விட்டுவிடும். உங்கள் பூச்சி மருந்து அதைக் கொல்ல நிமிடக்கணக்கில் ஆகும். அது தன் வேலையை நொடிக்கணக்கில் முடித்துவிடுகிறது. இன்னும் மோசம், மருந்து பட்ட அசுவினி நிலைகொள்ளாமல் செடிக்குச் செடி தாவினால் நோய் முன்னைவிட வேகமாகப் பரவும். இங்கே பயன்படுவது எண்ணெய். கனிம எண்ணெயைத் தண்ணீரில் கலந்து இலையில் மெல்லிய படலமாகப் பூசினால், வைரஸ் ஊசிமுனையில் ஒட்டுவது கெடுகிறது. பூச்சி சாவதில்லை, ஆனால் நோய் குறைகிறது. விஷம் செய்யாததை எண்ணெய்ப் படலம் செய்கிறது என்பதை உரக்கடைக்காரர்களும் தெரிந்துகொண்டால் நல்லது.

சாமந்தியில் ஒரு வைரஸை அசுவினி பரப்புகிறது, நம் நாட்டுச் சாமந்தித் தோட்டங்களில் அது எங்கும் இருக்கிறது. நிலச்சம்பங்கியில் தேமல் உண்டாக்குவது இன்னொன்று. கிளாடியோலஸ், டாலியா எல்லாவற்றுக்கும் தனித்தனியாக இருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு தன்மை உண்டு: கிழங்கும் போத்தும் வைத்துப் பெருக்கும் செடிகள் இவை. விதையில் வளரும் செடியில் பல வைரஸ்கள் தலைமுறை தாண்டுவதில்லை. போத்தில் வளரும் செடியில் தாயின் நோய் அப்படியே பிள்ளைக்கு வரும்.

மல்லிக்கு என்ன ஆகும் என்று பூக்கட்டும் சகோதரிகள் கேட்பீர்கள். மல்லிக்கு முதல் எதிரிகள் மொட்டுப்புழுவும் சிலந்திப்பேனும்தான். வைரஸ் அதற்குப் பிறகுதான் வரும். ஜவ்ஹார் பக்கத்து ஆதிவாசிக் குடும்பங்கள் வளர்க்கும் மோக்ராவும், மதுரைப் பக்கத்திலிருந்து வரும் மல்லியும் அந்த வகையில் ஓரளவு கொடுத்துவைத்தவை.

மூன்றாவது பூச்சி இலைப்பேன். மூன்றிலும் இதற்குத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன்.

சாமந்தியையோ, ஜெண்டு என்று இங்கே சொல்லும் துலுக்கச் சாமந்தியையோ வெள்ளைத் தாளின்மேல் தட்டிப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் நூல்துண்டு போல ஏதோ நெளியும். அதுதான். மொட்டுக்குள்ளும் இதழ் மடிப்புக்குள்ளும் ஒளிந்திருப்பதால் மருந்து அதன்மேல் படுவதே கடினம். அது சுமக்கும் புள்ளிவாடல் வைரஸை 1915இல் ஆஸ்திரேலியாவில் தக்காளியில் முதலில் பார்த்தார்கள். இன்று சாமந்தி, டாலியா, ஜெர்பெரா, காசித்தும்பை என்று அது தாக்கும் பூச்செடிகள் பல. 2015இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, நீலகிரியின் சாமந்தியில் அது இருப்பதைப் பதிவு செய்திருக்கிறது. இலையில் வளையம் வளையமாகப் புள்ளி, தண்டில் கருங்கோடு, பிறகு வாடல்.

இந்த வைரஸுக்கும் இலைப்பேனுக்கும் உள்ள உறவு, டெங்குவுக்கும் கொசுவுக்கும் உள்ளதைப் போன்றது. வைரஸ் பூச்சிக்குள் பயணிப்பதோடு நிற்காமல் பெருகவும் செய்கிறது. டெங்குவில் இல்லாத ஒரு நிபந்தனையும் இங்கே இருக்கிறது. இளம் புழுப் பருவத்தில் நோயுள்ள இலையைத் தின்ற இலைப்பேன் மட்டுமே வளர்ந்தபின் நோயைப் பரப்பும். வளர்ந்த பூச்சி முதன்முதலாக நோயிலையைத் தின்றால் அதனால் பரப்ப முடியாது. இதன் பொருள் என்ன? ஒரு செடி வைரஸைப் பரப்பும் மையமாக மாற, அந்தச் செடியிலேயே இலைப்பேன் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கவேண்டும். நோயுள்ள செடியைப் புழுக்கள் வளர்வதற்குள் அப்புறப்படுத்தினால் சங்கிலி அறுந்துவிடும். பத்து முறை மருந்தடிப்பதைவிட ஒரு செடியைக் காலத்தில் பிடுங்குவது மேல் என்று நான் சொல்வது இந்த அடிப்படையில்தான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 2011இல் இன்னொன்றைக் கண்டார்கள். வைரஸ் உள்ள ஆண் இலைப்பேன்கள், இல்லாதவற்றைவிட மூன்று மடங்குவரை அதிகமாகக் குத்தித் தின்றன. தன்னைச் சுமப்பவனின் பசியையே வைரஸ் தனக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்கிறது.

இலைப்பேன் இன்னொரு விதத்திலும் நோய் பரப்புகிறது, அதன் விளைவை இந்தியா பெரிய விலை கொடுத்துக் கற்றது. 2000ஆம் ஆண்டு ஆந்திரத்தின் அனந்தப்பூர் மாவட்டத்தில் நிலக்கடலை தண்டோடு கருகிச் செத்தது. ஏறத்தாழ 2,25,000 ஹெக்டேர். இழப்பு 300 கோடி ரூபாய்க்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். காரணம் புகையிலைக் கீற்று வைரஸ். அது தங்கியிருந்த இடம் பார்த்தீனியம், இங்கே காஜர் கவத் என்றும் காங்கிரஸ் புல் என்றும் சொல்கிறார்களே, அந்தக் களை. பார்த்தீனியத்தில் நோயின் அடையாளமே தெரியாது. அதன் மகரந்தத்தில் வைரஸ் இருக்கும். பூவுக்குள் திரியும் இலைப்பேனின் உடம்பில் மகரந்தத் தூள் ஒட்டும், அந்தத் தூளோடு அது அடுத்த செடியைச் சுரண்டித் தின்னும், சுரண்டிய புண் வழியாக வைரஸ் இறங்கும். இந்த வைரஸ் துலுக்கச் சாமந்தியையும், அதாவது நம் ஜெண்டுவையும் சூரியகாந்தியையும் தாக்கும். செம்பூரிலிருந்து குர்லா வழியாகத் தண்டவாளத்தின் இரு பக்கமும் மழை முடிந்தவுடன் வெள்ளைப்பூவோடு நிற்பது என்ன செடி என்று அடுத்த முறை ரயிலில் போகும்போது பாருங்கள்.

மும்பையின் தட்பவெப்பம் பூச்சிகளுக்கு ஏற்றது. குளிர் என்று ஒன்று இங்கே இல்லாததால் ஆண்டு முழுவதும் அவை பெருகும். ஜூன், ஜூலையின் கனமழை இலைப்பேனையும் வெள்ளை ஈயையும் அடித்து வீழ்த்தும். ஆனால் நம் அடுக்குமாடிகளில் கிரில்லுக்குமேல் தகரம் போட்டிருக்கிறோம். மழை படாத அந்தச் செடிகளில் பூச்சி தப்பித்து, மழை விட்டதும் அங்கிருந்து கிளம்புகிறது. ஜூலை மாதத்தில் தொட்டியை வாரம் ஒருமுறையாவது மழையில் நனையும்படி வையுங்கள் என்று சொல்வேன். அதைவிட நல்ல மருந்து இல்லை.

எல்லா நோயையும் வைரஸ் தலையில் கட்டவும் கூடாது. ஆஸ்டரும் சாமந்தியும் பச்சை இலைக்கொத்தாகப் பூப்பதும், நித்தியகல்யாணி சிற்றிலையாகக் குறுகிப்போவதும் வெகுகாலம் வைரஸ் என்றே எண்ணப்பட்டன. 1967இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அது இன்று பைட்டோபிளாஸ்மா எனப்படும் வேறோர் உயிர் என்று காட்டினார்கள். அதைப் பரப்புவது தத்துப்பூச்சி. ஆர்கிட் செடிகளின் முக்கிய வைரஸ்கள் இரண்டுக்கும் பூச்சியே தேவையில்லை, வெட்டும் கத்தி போதும். ஆர்கிட் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு செடிக்கும் கத்தியைச் சுத்தம் செய்துவிட்டு வெட்டுங்கள்.

சரி, என்ன செய்வது?

செடி வாங்கும்போது பூவைப் பார்த்து வாங்காதீர்கள். இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். கைவண்டிக்காரரிடம் வாங்கினாலும் செம்பூர் சாலையோர நர்சரியில் வாங்கினாலும், வாங்கிய செடியை மூன்று வாரம் மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே வையுங்கள். வெள்ளை ஈயின் ஒரு தலைமுறை கிட்டத்தட்ட அவ்வளவு காலம்தான். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் வெள்ளை ஈயும் அசுவினியும் வந்து ஒட்டும். இலைப்பேனுக்கு நீல அட்டை. அட்டையால் பூச்சி ஒழியாது, வந்திருக்கிறதா என்று தெரியவரும். வந்திருந்தால் வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து மாலை வேளையில், இலைக்கு அடியில் அடியுங்கள். பொறிவண்டைக் கண்டால் அடிக்காதீர்கள், அது அசுவினியைத் தின்னும்.

நோயுள்ள செடி என்று தெளிவானால் அதை வைத்துக்கொண்டு இரக்கப்படாதீர்கள். பிளாஸ்டிக் பையைச் செடியின்மேல் கவிழ்த்து, வாயைக் கட்டி, பிறகு பிடுங்குங்கள். பிடுங்கிப் படிக்கட்டில் போட்டுவைத்தால் காய்கிற இலையை விட்டு ஈயெல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போகும். தாராவிக் கும்பார்வாடாவில் வாங்கிய நல்ல மண்தொட்டியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: இலைப்பேன் மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகும், ஆகவே மண்ணைத் தாளில் பரப்பி ஒரு வாரம் வெயிலில் காயவிட்டுத் திரும்ப நிரப்புங்கள்.

இவையெல்லாம் வீட்டு அளவில். இதற்குமேல் ஒரு கோரிக்கை இருக்கிறது, அதை இந்த மேடையில் சொல்லாமல் இறங்கமாட்டேன்.

பிரான்சில் 1952இல் மொரெலும் மார்ட்டினும் வைரஸ் பிடித்த டாலியாவின் வளர்நுனியிலிருந்து மிகச் சிறிய துண்டை வெட்டி, கண்ணாடிக் குழாயில் வளர்த்து, வைரஸ் இல்லாத டாலியாவை மீட்டார்கள். நோயிலிருந்து ஒரு வகையைக் காப்பாற்றும் இந்த வழி ஒரு பூச்செடியில்தான் முதலில் கிடைத்தது. எழுபது ஆண்டு கழிந்துவிட்டது. புனேயிலேயே பூச்செடிகளுக்கென்று நடுவண் அரசின் ஆராய்ச்சி இயக்ககம் இருக்கிறது. தாலேகாவில் பூ வளர்ப்புக்கென்றே தொழிற்பூங்கா இருக்கிறது. மாநகராட்சி ஆண்டுதோறும் ராணி பாக் பூங்காவில் மலர்க்கண்காட்சி நடத்துகிறது. இவ்வளவும் இருந்தும், தாதர் பூ மண்டிக்குச் சாமந்தியும் ஆஸ்டரும் அனுப்பும் சிறு விவசாயி எந்தத் தாய்ச்செடியிலிருந்து போத்து எடுக்கிறான் என்று கேட்பாரில்லை. வாழைக்குத் திசுவளர்ப்புக் கன்று வாங்கும்போது வைரஸ் சோதனைச் சான்று கேட்கிறோம். சாமந்திக்கும் சம்பங்கிக்கும் செம்பருத்திக்கும் அதே சான்று வேண்டும். சோதனை செய்த தாய்ச்செடிகளை, பூச்சி புகாத வலைக்குடிலில் வைத்து, அவற்றிலிருந்து மட்டும் போத்து எடுத்து விற்கும் நர்சரிகள் வேண்டும். மலர்க்கண்காட்சியில் அழகான தொட்டிக்குப் பரிசு கொடுப்பவர்கள், நோயற்ற தாய்ச்செடி வைத்திருக்கும் நர்சரிக்கும் ஒரு பரிசு கொடுக்கட்டும்.

நம் சங்கங்களும் சமாஜங்களும் கோயில்களும் இதில் ஒன்று செய்யலாம். மாதுங்காவிலும் செம்பூரிலும் கோயில் நந்தவனத்துக்கும் மாடித் தோட்டத்துக்கும் செடி வாங்கும்போது, அந்த நர்சரிக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: தாய்ச்செடி எங்கே இருக்கிறது, அதைப் பார்க்கலாமா? பத்துப் பேர் கேட்டால் அவர் சிரிப்பார். நூறு பேர் கேட்டால் தாய்ச்செடியைத் தனியே வலைக்குள் வைப்பார். இந்த அவையில் இருப்பவர்கள் எல்லோரும் இந்த மாதமே அதைக் கேட்கத் தொடங்குங்கள். நோய் பிடித்த கொப்பை மட்டும், கேட்பவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், ஒடித்துக் கொடுக்காதீர்கள்.